இதயம் திடீரெனத் தாறுமாறாகத் துடித்தால்: நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

இருந்தாற்போல் நெஞ்சு படபடக்கும். நாடியைப் பிடித்துப் பார்த்தால் துடிப்பு வேகமாகவும் ஒழுங்கில்லாமலும் இருக்கும். களைப்பு, மூச்சு வாங்குதல், தலைச்சுற்று ஆகியனவும் சேர்ந்துகொள்ளலாம். "காஸ்ட்ரைட்டிஸ்தான்" என்று சொல்லிக்கொண்டு வீட்டில் படுத்துவிடுபவர்கள் நம்மில் பலர். ஆனால் அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் இதயத் துடிப்புக் கோளாறாக இருக்கலாம்.

என்ன நடக்கிறது?

இதயத்தின் மேல் அறைகளான சோணையறைகள் ஒழுங்காகச் சுருங்காமல், நிமிடத்துக்கு 300 தடவைக்கும் மேல் நடுங்குகின்றன. அங்கு குருதி தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பாரிசவாதம் ஏற்படும். இக்கோளாறு உள்ளவர்களுக்குப் பாரிசவாத அபாயம் ஏனையோரை விட ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம்.

அவசர சிகிச்சைப் பிரிவில்

முதலில் ஈ.சி.ஜி. எடுத்து நோய் உறுதிசெய்யப்படும். குருதி அமுக்கம் வீழ்ந்தோ, நெஞ்சுவலியோடோ, நுரையீரலில் நீர் கோர்த்தோ நோயாளி ஆபத்தான நிலையில் இருந்தால் தாமதிக்க முடியாது. மயக்க மருந்து கொடுத்து, மின்னதிர்ச்சி மூலம் துடிப்பைச் சீராக்குவார்கள்.

நிலைமை அவ்வளவு மோசமில்லை என்றால் மெட்டோப்ரோலோல், டில்டியாசெம் போன்ற மருந்துகளால் வேகம் குறைக்கப்படும். இதயம் பலவீனமானவர்களுக்கு டில்டியாசெம் பொருந்தாது. டிகொக்ஸின் அல்லது அமியோடரோன் தெரிவாகலாம். தைரொயிட் மிகைச் சுரப்பு, நியூமோனியா, பொட்டாசியக் குறைவு போன்ற காரணங்களும் தேடப்படும்.

எல்லோருக்கும் உடனடியாகத் துடிப்பை மாற்றத்தான் வேண்டும் என்பதில்லை. 2019இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், வேகத்தை மட்டும் குறைத்துக் காத்திருந்தவர்களில் 69 சதவீதமானோருக்கு 48 மணித்தியாலங்களுக்குள் துடிப்பு தானாகவே சீரானது.

நேரம் ஏன் முக்கியம்?

துடிப்பு மாறி நீண்ட நேரமானால் கட்டி உருவாகியிருக்கலாம். அந்நிலையில் துடிப்பைச் சீராக்கினால் கட்டி பெயர்ந்து மூளைக்குப் போகக்கூடும். இதற்கான எல்லை முன்பு 48 மணித்தியாலங்கள். 2024இல் ஐரோப்பிய இதயவியல் சங்கம் அதை 24 ஆகக் குறைத்தது. அதைத் தாண்டியவர்கள் குறைந்தது மூன்று வாரம் குருதி உறையாமைக்கான மருந்து எடுத்திருக்க வேண்டும். அல்லது உணவுக்குழாய் வழியான ஸ்கேனில் கட்டி இல்லை என்று உறுதியாக வேண்டும். எப்போது தொடங்கியது என்று சொல்லத் தெரியாவிட்டால், நேரம் கடந்துவிட்டதாகவே கருதப்படும்.

நாம் செய்ய வேண்டியது

படபடப்பு தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மயக்கம், நெஞ்சுவலி, கடும் மூச்சுத்திணறல் இருந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். கிளினிக் கொப்பியையும் பாவிக்கும் மருந்துகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள். சிறு வயதில் வாதக் காய்ச்சல் வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். இதய வால்வு சுருங்கியிருந்தால் கொடுக்கும் மருந்தே மாறும்.

துடிப்பு சீராகி வீடு திரும்பியதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அதன் பின்னரும் குறைந்தது நான்கு வாரங்களுக்குக் கட்டி உருவாகும் அபாயம் உண்டு. வைத்தியர் தந்த மருந்துக்குப் பதிலாக அஸ்பிரின் குடித்துச் சமாளிக்கவும் முடியாது. படபடப்பு நின்றுவிட்டாலும் பாரிசவாத அபாயம் நின்றுவிடுவதில்லை.