ஏரியைக் கடந்து விண்ணுக்குப் போன தொலைநோக்கி

பழவேற்காட்டுக் கடலோரக் குப்பங்களுக்கு ஆண்டுக்குச் சில முறை ஓர் அறிவிப்பு வரும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுகிறார்கள், கடலுக்குப் போகாதீர்கள் என்பது செய்தி. லைட்ஹவுஸ் குப்பத்திலும் கூனங்குப்பத்திலும் அன்று படகுகள் மணலில் கிடக்கும். ராக்கெட் எத்தனை மணிக்குப் போகிறது என்பது ஊருக்கே தெரியும். அதற்குள் என்ன போகிறது என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

2015 செப்டம்பர் 28, திங்கட்கிழமை, காலை 10 மணிக்குப் போன ராக்கெட் பிஎஸ்எல்வி சி-30. அதன் தலைப்பகுதியில் இருந்தது ஆஸ்ட்ரோசாட், வானியலுக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள். சுமார் 1,500 கிலோ எடை, ஐந்து கருவிகள். அவற்றில் ஒன்று மென் எக்ஸ்கதிர்த் தொலைநோக்கி. அது பிறந்து, வளர்ந்து, இந்த ஏரியைக் கடந்து போன கதை இது.

அதன் வம்சத்தைத் தேடினால் வானத்துக்குப் போகக் கூடாது, பாதாளத்துக்கு இறங்க வேண்டும். கோலார் தங்கவயலில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து துகள் உணரிகளை வைத்தன. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது நியூட்ரினோ என்னும் துகள் பிறக்கிறது. அது எதிலும் லேசில் மோதாது. மற்ற துகள்களைப் பாறை வடிகட்டிவிடும் ஆழத்தில் காத்திருந்தால்தான் அதன் தடம் கிடைக்கும். 1965இல் கிடைத்தது. வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தை உலகில் முதன்முதலாகக் கண்ட ஆய்வுகளில் அது ஒன்று. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் இன்னொரு குழு அதைக் கண்டது.

கோலார் குழுவை நடத்தியவர்களில் ஒருவர் பி. வி. ஸ்ரீகண்டன். சுரங்கத்துக்குள் துகள் தேடிய அதே மனிதர்தான், 1960களின் பிற்பகுதியில் ஹைதராபாத்திலிருந்து பெரிய பலூன்களில் உணரிகளை ஏற்றி, வானிலிருந்து வரும் எக்ஸ்கதிர்களை அளக்கும் வேலையைத் தன் நிறுவனத்தில் தொடங்கிவைத்தார். துகள் இயற்பியலும் வானியலும் இரண்டு துறைகளாகப் பாடப்புத்தகத்தில் இருக்கலாம். மும்பை கொலாபாவில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் அவை ஒரே பட்டறையில் வளர்ந்தன. மின்னூட்டத் துகளை எண்ணத் தெரிந்த கைகள் எக்ஸ்கதிரையும் எண்ணப் பழகின.

எக்ஸ்கதிர் வானியலுக்கு ஒரு தடை உண்டு. காற்று அந்தக் கதிரை உறிஞ்சிவிடும். அதிக ஆற்றலுள்ள கதிர்கள் பலூன் பறக்கும் உயரம்வரை வரும். ஆற்றல் குறைந்த மென் எக்ஸ்கதிர்கள் அதுவரைகூட வராது. ராக்கெட் இல்லாமல் அவற்றைப் பார்க்க வழியே இல்லை. இங்குதான் பழவேற்காடு ஏரி கதைக்குள் வருகிறது.

தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் இடையே கிடக்கும் இந்த உவர்நீர் ஏரி, இந்தியாவில் சில்காவுக்கு அடுத்துப் பெரியது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் தீவு ஸ்ரீஹரிகோட்டா. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் கிழக்கே பாயும் ராக்கெட்டுக்கு அந்த வேகமும் சேர்ந்து கிடைக்கும். கழன்று விழும் பாகங்கள் ஊர்மேல் விழாமல் கடலில் விழும். இந்தக் காரணங்களுக்காக இடத்தைத் தேர்ந்தார்கள். தீவில் வாழ்ந்த யானாதி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 1971 அக்டோபர் 9 அன்று முதல் ரோகிணி ராக்கெட் கிளம்பியது. வரைபடத்தில் வெறுங்கடலாகத் தெரிந்த இடம், பழவேற்காட்டுக்காரர்களுக்கு வலை போடும் இடம். அதனால்தான் அந்த அறிவிப்பு.

1996 மார்ச் 21 அன்று இங்கிருந்து போன ஐஆர்எஸ்-பி3 செயற்கைக்கோளில் டாட்டா நிறுவனத்தின் எக்ஸ்கதிர் எண்ணிகளும் பயணம் செய்தன. அவை நன்றாக உழைத்ததால் அடுத்த ஆசை பிறந்தது. எண்ணினால் மட்டும் போதாது, எக்ஸ்கதிரைக் குவித்துப் படமாகப் பார்க்க வேண்டும். அந்த ஆசைதான் மென் எக்ஸ்கதிர்த் தொலைநோக்கி. வானியலாளர் கே. பி. சிங் தலைமையில் கொலாபாவில் வேலை நடந்தது.

எக்ஸ்கதிர் கண்ணாடியில் நேராக மோதினால் திரும்பி வராது, உள்ளே புகுந்துவிடும். மிகச் சிறிய கோணத்தில் உரசிப் போனால்தான் பிரதிபலிக்கும். எனவே கண்ணாடிகளைக் கதிரின் பாதையை ஒட்டியே நிறுத்த வேண்டும். மெல்லிய அலுமினியத் தகடுகளுக்குத் தங்கப் பூச்சுப் பூசி, ஒன்றுக்குள் ஒன்றாக 40 அடுக்குகள் வைத்தார்கள். ஒவ்வோர் அடுக்கும் நான்கு கால்வட்டத் துண்டுகள். கதிர் இரண்டு முறை உரசிக் குவிய வேண்டும் என்பதால் முன்னும் பின்னுமாக இரண்டு தொகுதிகள். மொத்தம் 320 தகடுகள். அவை கதிரைச் சேர்க்கும் குவியம் 2 மீட்டர் தள்ளி இருக்கிறது.

அந்தக் குவியத்தில் வைக்க வேண்டிய கேமரா இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல், வானியல் துறை 1960களில் ஸ்கைலார்க் ராக்கெட்டுகளில் எக்ஸ்கதிர் உணரிகளை அனுப்பத் தொடங்கியது. அங்கே அந்தத் துறையை வளர்த்தவர் கென் பவுண்ட்ஸ். 1999இல் ஐரோப்பா அனுப்பிய எக்ஸ்எம்எம்-நியூட்டன், 2004இல் அமெரிக்கா அனுப்பிய ஸ்விஃப்ட் இரண்டிலும் லெஸ்டரின் கேமராக்கள் உண்டு. ஸ்விஃப்டுக்குச் செய்த அதே வகை சிசிடி சில்லுதான் மும்பைக்கும் வந்தது: பக்கத்துக்கு 600 புள்ளிகள் கொண்ட சதுரம்.

அந்தச் சில்லு செய்வது துகள் இயற்பியலின் பழைய வேலை. எக்ஸ்கதிர் ஃபோட்டான் சிலிக்கானில் விழுந்ததும் எலக்ட்ரான்களை உதிர்க்கிறது. சுமார் 3.65 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுக்கு ஓர் எலக்ட்ரான் என்பது கணக்கு. உதிர்ந்தவற்றை எண்ணினால் வந்த ஃபோட்டானின் ஆற்றல் தெரிந்துவிடும். சூடு இருந்தால் சிலிக்கான் தானாகவே எலக்ட்ரான்களை உதிர்த்துக் கணக்கைக் கெடுக்கும். அதற்காகத்தான் சில்லைச் சுழியத்துக்குக் கீழே சுமார் 80 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கிறார்கள்.

மும்பையிலிருந்து தொலைநோக்கி பெங்களூருவின் இஸ்ரோ மையத்துக்குப் போனது. அங்கே மற்ற நான்கு கருவிகளோடு சேர்ந்து செயற்கைக்கோளின் அங்கமானது. அங்கிருந்து ஏவுதளத்துக்கு வர, சூலூர்பேட்டையிலிருந்து பழவேற்காடு ஏரியின் நடுவே போகும் சாலையைக் கடந்தாக வேண்டும். இருபுறமும் தண்ணீர், வலசைக் காலத்தில் பூநாரைக் கூட்டம்.

ஏவும் வேலையிலும் ஒரு சிக்கல் இருந்தது. தென் அட்லாண்டிக் கடலுக்கு மேலே, பூமியின் காந்தப் புலம் பலவீனமான ஒரு பகுதியில், புரோட்டான்கள் குவிந்து கிடக்கின்றன. அதன் வழியே போனால் உணரிகளுக்கு ஒரே இரைச்சல். அதைப் பெரும்பாலும் தவிர்க்க, நிலநடுக்கோட்டுக்கு வெறும் 6 டிகிரி சாய்வில் சுற்றுப்பாதை கேட்டார்கள். ஸ்ரீஹரிகோட்டாவோ வடக்கே 13.7 டிகிரியில் இருக்கிறது. நேராக ஏவினால் சாய்வு அதற்குக் குறையாது. ஆகவே ராக்கெட் போகிற போக்கில் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பியது. கிளம்பி 22 நிமிடங்கள் கடந்தபோது, 650 கிலோமீட்டர் உயரத்தில் ஆஸ்ட்ரோசாட் தனியே பிரிந்தது.

தொலைநோக்கி உடனே கண் திறக்கவில்லை. செயற்கைக்கோளிலிருந்து கசியும் ஆவி குளிர்ந்த சில்லின்மீது படியக் கூடாது என்று பொறுத்திருந்தார்கள். 2015 அக்டோபர் 26 அன்று கேமராவின் கதவு திறந்தது. முதலில் பார்த்தது பிகேஎஸ் 2155-304 என்ற விண்மீன் மண்டலத்தின் மையத்தில் கொந்தளிக்கும் கருந்துளையை. அந்த ஒளி சுமார் 150 கோடி ஆண்டு பயணம் செய்து வந்தது. 2017 மே மாத இறுதியில், ஹப்பிள், சந்திரா தொலைநோக்கிகளோடு சேர்ந்து, சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியையும் ஆஸ்ட்ரோசாட் கவனித்தது. உடன்பிறந்த கருவியான கேட்மியம் துத்தநாக டெல்லுரைடு உணரி, நண்டு நெபுலாவின் துடிவிண்மீனிலிருந்து வரும் எக்ஸ்கதிரின் முனைவாக்கத்தை அளந்தது. அந்த முடிவு 2017இல் நேச்சர் அஸ்ட்ரானமி இதழில் வெளியானது. எல்லாக் கருவிகளும் இன்று முழு உடம்போடு இல்லை. 2018இல் புற ஊதாக் கருவியின் ஒரு பிரிவு நின்றுபோனது. ஆனால் ஐந்தாண்டு ஆயுளுக்கென்று செய்த செயற்கைக்கோள் 2025 செப்டம்பரில் பத்தாண்டைத் தாண்டியது.

பழவேற்காட்டின் கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில் ஏரி இறாலுக்குப் பாடு முறை உண்டு. எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஆஸ்ட்ரோசாட்டுக்கும் பாடு உண்டு. ஆய்வாளர்கள் விண்ணப்பிக்க, ஒரு குழு நேரத்தைப் பங்கிட்டுத் தருகிறது. முறை வந்தவருக்குக் கிடைத்த தரவு குறிப்பிட்ட காலம் அவருக்கே. பிறகு அது பொது. 2018 முதல் பெங்களூருக்கு அருகே பைலாலுவில் இருக்கும் தரவு மையத்தின் இணையதளத்தில் யாரும் பதிவுசெய்து எடுக்கலாம். கட்டணம் இல்லை.

சுரங்கத்தில் டர்ஹாம், கேமராவில் லெஸ்டர், கண்ணாடியில் டாட்டா நிறுவனம் என்று பங்களித்த எல்லோரின் பெயர்களும் ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கின்றன. ஒவ்வொரு ஏவுதலுக்கும் ஒரு நாள் கூலியைக் கொடுக்கும் குப்பங்களின் பெயர் எதிலும் இல்லை. அதைக் கட்டுரையில் சேர்க்கச் சொல்லவில்லை. கடலுக்குப் போகாதே என்று சொல்லும் அதே அறிவிப்பில், மேலே போவது என்ன, எதைப் பார்க்கப் போகிறது என்று நான்கு வரி தமிழில் சேர்க்கலாம். அது இஸ்ரோவால் முடியும், செலவும் இல்லை. பொன்னேரி அரசுக் கல்லூரியில் இயற்பியல் படிக்கும் பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் தரவைத் திறந்து படிக்கக் கற்றுக்கொடுப்பது பல்கலைக்கழகங்களால் முடியும். கருவி அனுப்பிய தரவு திறந்தே கிடக்கிறது. எடுத்துப் படிக்க வேண்டியவர்கள் ஏரிக்கரையிலும் இருக்கிறார்கள்.