சித்திரபுரம், மூணாறு, பெட்டிமுடி: தேயிலைத் தொழிலாளர் உரிமை வரலாறு

இடுக்கி மாவட்டத் தேயிலை மலைகளில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவருபவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மூணாறிலிருந்து அடிமாலிக்கு இறங்கும் வழியில், பள்ளிவாசல் ஊராட்சியில் இருக்கும் சித்திரபுரமும் இந்த மலைகளைச் சேர்ந்த ஊரே. 1940இல் இயங்கத் தொடங்கிய பள்ளிவாசல் நீர்மின் நிலையத்தால் அது பெயர் பெற்றது. அதற்கு மேலே விரியும் தோட்டங்களில் கூலி, வீடு, மருத்துவம், பள்ளி ஆகிய எல்லாமே ஒரே கம்பெனியின் கையில் இருந்தன. வேலை போனால் வீடும் போகும் என்ற அந்த ஏற்பாடுதான் இங்கு நடந்த எல்லாப் போராட்டங்களுக்கும் அடியில் இருக்கும் பிரச்சினை.

தோட்டங்களின் தோற்றம்

1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். அதன் பரப்பு ஏறத்தாழ 1,37,000 ஏக்கர். சிங்கோனாவும் காப்பியும் முதலில் பயிராயின. பிறகு தேயிலை அவற்றின் இடத்தைப் பிடித்தது. 1890களில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஃபின்லே மியூர் நிறுவனம் வந்தது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவானது.

மலையில் முன்பே வாழ்ந்த முதுவர் பழங்குடியினர் தோட்ட வேலைக்குப் பெருமளவில் வரவில்லை. திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து ஆள் திரட்டப்பட்டது. வந்தவர்களில் பெரும்பகுதியினர் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஊரில் பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் அவர்களை நெருக்கின. மலையில் காசாகக் கூலி கிடைக்கும் என்ற நம்பிக்கை இழுத்தது. போடிநாயக்கனூர்ப் பக்கமிருந்து அவர்கள் நடந்து ஏறினார்கள். பின்னாளில் டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் கீழே இறங்கியதும் அந்த மலைச்சரிவு வழியாகத்தான்.

கங்காணி

ஆள் பிடித்து வருபவர் கங்காணி. ஊரில் முன்பணம் கொடுப்பதும், கூட்டிவந்து வேலை வாங்குவதும், கூலியைக் கணக்குப் பார்ப்பதும் அவரே. தன் ஆட்கள் செய்யும் வேலைக்கு ஏற்பக் கம்பெனி அவருக்குக் கமிஷன் தந்தது. வாங்கிய முன்பணம் கழியாதவரை தொழிலாளியால் ஊர் திரும்ப முடியாது. அரிசிக்கும் கம்பளிக்கும் பிடித்ததுபோகக் கூலியில் மிஞ்சுவது சொற்பம் என்பதால் கடன் அடுத்த ஆண்டுக்கும் தொடரும்.

சட்டமும் முதலாளி பக்கமே நின்றது. ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுப் போவதைக் குற்றமாக்கிய 1859ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தது. திருவிதாங்கூரிலும் அதே வகைச் சட்டம் நடப்பில் இருந்தது. கடனைத் திருப்பித் தராத தொழிலாளி சிறைக்குப் போகலாம். கூலி தராத தோட்டத் துரைக்கு அப்படிப்பட்ட அச்சம் இல்லை. விடுதலைக்குப் பிறகு, 1950களில் தொழிற்சங்கங்களின் அழுத்தத்தால்தான் கங்காணி முறை படிப்படியாக ஒழிந்தது.

சட்டம், சங்கம், மாநிலம்

1951இல் நாடாளுமன்றம் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. குடியிருப்பு, குடிநீர், கழிப்பறை, மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம், பள்ளி ஆகியவற்றைத் தருவது நிர்வாகத்தின் கடமை ஆனது. வேலை நேரத்துக்கு வாரம் 54 மணி என்ற வரம்பு வந்தது. முன்பு துரையின் தயவாக இருந்தவை இதனால் உரிமைகள் ஆயின. ஆனால் வீடு வேலையோடு கட்டப்பட்டதாகவே நீடித்தது.

அதே காலத்தில் மொழிவழி மாநிலப் பிரிவினை வந்தது. இந்தத் தோட்டங்கள் அடங்கிய தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1956 நவம்பர் 1இல் அவ்விரு வட்டங்களும் கேரளத்தில் நிலைத்தன. தோட்டத் தமிழர் மொழிச் சிறுபான்மையினர் ஆனார்கள்.

1958இல் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்ட் அரசுக்கு அது முக்கியமான சோதனை. கட்சிக்காகப் பாவலர் வரதராசன் தம் இசைக்குழுவுடன் தோட்டம் தோட்டமாகப் பிரச்சாரம் செய்தார்; கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். ஆனால் சில மாதங்களில், அக்டோபரில், மூணாறு வட்டாரத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். தொழிலாளர் ஆதரவு அரசு என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஆட்சியில் நடந்த இந்தச் சாவுகள் கேரள அரசியலில் பெரும் கண்டனத்தை எழுப்பின.

நிலமும் சான்றிதழும்

1971இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கும் சட்டத்தை இயற்றியது. 1972இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஏறத்தாழ 57,000 ஏக்கர் கம்பெனியின் சாகுபடிக்கும் அதைச் சார்ந்த தேவைகளுக்கும் விடப்பட்டது. மூன்று, நான்கு தலைமுறையாக அம்மண்ணில் உழைத்தவர்களுக்குத் தோட்டத்தில் வீட்டுமனை உரிமை கிடைக்கவில்லை. ஓய்வு பெறுபவர் லயத்தை, அதாவது கம்பெனி தந்த வரிசை வீட்டை, காலி செய்ய வேண்டும். குடும்பத்தில் இன்னொருவர் வேலையில் இருந்தால்தான் கூரை தங்கும். பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போக முனைந்தாலும் யாரோ ஒருவர் தோட்டத்திலேயே இருந்தாக வேண்டிய நிர்ப்பந்தம் இதனால் வந்தது.

படித்தவர்களுக்கு வேறொரு தடை. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்த பட்டியல் சாதியினருக்கு, 1950ஆம் ஆண்டைக் கணக்கில் வைத்தே சாதிச் சான்றிதழ் முடிவாகிறது. அதற்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆவணம் கேட்கப்படும்போது, நிலமோ பட்டாவோ இல்லாத லயத்து மக்களிடம் காட்ட எதுவும் இருப்பதில்லை.

பெம்பிளை ஒருமை

1990களின் இறுதியில் தேயிலை விலை சரிந்தது. பீர்மேட்டில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. மூணாறில் அப்போது தோட்டங்களை நடத்திவந்த டாடா டீ நிறுவனம் நிர்வாகத்திலிருந்து விலக, 2005இல் கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி அமைந்தது. பங்குகளில் பெரும்பகுதி ஊழியர்கள் பெயரில் இருந்தன. ஆனால் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் கிடைத்த சில பங்குகள் முடிவெடுக்கும் அதிகாரத்தைத் தரவில்லை.

2015இல் நாள் கூலி 232 ரூபாய். அதற்கு 21 கிலோ கொழுந்து பறிக்க வேண்டும். முந்தைய ஆண்டு 20 சதவீதமாக இருந்த போனஸை அந்த ஆண்டு 10 சதவீதமாகக் கம்பெனி குறைத்தது. செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையை விட்டு மூணாறு நகரச் சாலையில் அமர்ந்தார்கள். அட்டைக்கடியும் குளிரும் தாங்கி அவர்கள் பறித்த கொழுந்தில்தான் தோட்டம் ஓடியது. சங்க நிர்வாகத்திலோ ஆண்களே இருந்தார்கள். கம்பெனியோடு சங்கத் தலைவர்கள் நெருக்கமாகிவிட்டார்கள் என்று குற்றம்சாட்டிய பெண்கள், அவர்களைப் போராட்டக் களத்தில் அண்டவிடவில்லை. பெண்கள் ஒற்றுமை என்ற பொருளில் 'பெம்பிளை ஒருமை' என்று தங்கள் அணிக்குப் பெயரிட்டார்கள். லிசி சன்னி, கோமதி, இந்திராணி ஆகியோர் முன்னணியில் நின்றார்கள்.

ஒன்பது நாட்களில் கம்பெனி இறங்கி வந்தது. 8.33 சதவீத போனஸும் 11.67 சதவீதக் கருணைத்தொகையும் சேர்ந்து பழைய 20 சதவீதம் கிடைத்தது. நாள் கூலி 500 ரூபாய் வேண்டும் என்ற கோரிக்கையோடு அடுத்த வேலைநிறுத்தம் தொடங்கியபோது, கேரளம் முழுவதும் தோட்டச் சங்கங்களும் களத்தில் இருந்தன. அக்டோபர் நடுவில் தேயிலைத் தொழிலாளிக்கு 301, ரப்பர் தொழிலாளிக்கு 381, ஏலத்தோட்டத் தொழிலாளிக்கு 330 ரூபாய் என்று உடன்பாடு ஏற்பட்டது. கேட்டதைவிட மிகக் குறைவுதான். ஆனால் மூணாற்றுப் பெண்கள் தொடங்கியதன் பலன் மாநிலத்தின் எல்லாத் தோட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாத உள்ளாட்சித் தேர்தலில் அந்த அணி மூணாறு ஊராட்சியிலும் தேவிகுளம் வட்டார ஊராட்சியிலும் இடங்களை வென்றது. பின்னர் அதற்குள் பிளவு வந்து அமைப்பு தளர்ந்தது.

பெட்டிமுடி

2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் இறந்தார்கள். அவர்களில் பலரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்தின் கயத்தாறு வட்டாரம். உயிர் தப்பிய குடும்பங்களில் எட்டுக்குக் குற்றியார் பள்ளத்தாக்கில் அரசு நிலம் தர, கம்பெனி வீடு கட்டிக் கொடுத்தது. தோட்டத் தொழிலாளர் நெடுங்காலம் கேட்டுவந்த, வேலையோடு கட்டப்படாத வீடு ஒரு பேரழிவுக்குப் பிறகே சிலருக்குக் கிடைத்தது. சொந்த நிலம், சொந்த வீடு, தடையில்லாத சாதிச் சான்றிதழ், வாழப் போதுமான கூலி ஆகியவை எஞ்சிய லயங்களின் கோரிக்கைகளாக இன்னும் நிற்கின்றன.