கடதாசியும் வரலாற்றுக் காயங்களும்: தென்னாசியச் சமகாலக் கலை பற்றிய ஒரு நோக்கு

கலை வரலாற்று நூல்களிலே கடதாசி ஓர் ஊடகமாகவன்றி, ஊடகத்தைத் தாங்கும் பரப்பாகவே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மாறிற்று. கடதாசியைத் துளைத்தும் கிழித்தும் கூழாக்கி வார்த்தும் அதனையே பேசவைக்கும் கலைஞர் பல நாடுகளிலும் தோன்றினர். இப்போக்கினை உருவவாதமென்றும், மக்கள் வாழ்விலிருந்து கலை விலகியமைக்குச் சான்றென்றும் கூறி ஒதுக்கிவிடுவது எளிது. தென்னாசியாவைப் பொறுத்தவரை அம்முடிவு வரலாற்றுக்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும். பஞ்சம், பிரிவினை, இடப்பெயர்வு ஆகியவற்றை எதிர்கொண்ட மூவரின் ஆக்கங்கள் இங்கு நோக்கப்படுகின்றன.

முதலாமவர் சோம்நாத் ஹோர் (1921–2006). சிட்டகாங்கிற் பிறந்த இவர், இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தை நேரிற் கண்டு வரைந்தவர். சித்தபிரசாத்தின் தூண்டுதலால் இவர் வரைந்த கோட்டுச் சித்திரங்கள் கம்யூனிஸ்ட் கட்சியின் ஏடுகளில் வெளிவந்தன. விளைச்சலின் அரைப்பங்கை நிலவுடைமையாளருக்குக் கொடுத்துவந்த குத்தகை விவசாயிகள் மூன்றில் இரண்டு பங்கு தமக்கே உரியதெனக் கோரியெழுந்த தேபாகா இயக்கத்தை, 1946இல் கிராமங்களுக்குச் சென்று குறிப்புகளாகவும் சித்திரங்களாகவும் பதிவுசெய்தார். அக்கால ஆக்கங்கள் யதார்த்தவாதத்தின் தெளிவான வெளிப்பாடுகள். அவற்றிலே உழவன் உண்டு. கூட்டமும் முழக்கமும் உண்டு.

1970களில் சாந்திநிகேதனில் அவர் ஆக்கிய ‘காயங்கள்’ என்னும் தொடரில் இவையெவையும் இல்லை. மெழுகு, களிமண் போன்ற மென்பரப்புகளைக் கத்தியாற் கீறியும் சூடான கருவிகளாற் சுட்டும் சிதைத்து, அப்பரப்பிலிருந்து வார்ப்பச்சு ஒன்றை எடுத்து, அதனுள் கடதாசிக் கூழை அழுத்தி உலரவைத்தார். உலர்ந்த தாளிலே மை இல்லை. வெண்மையின்மீது வெண்மையாக வடுக்கள் மாத்திரமே எஞ்சுகின்றன. ஒரோவிடத்துச் செந்நிறம் கசிகிறது. இங்கு காயம் வரையப்படவில்லை. கடதாசியே காயமுற்ற உடலாகிவிடுகிறது. நக்சல்பாரி எழுச்சியையும் அதன்மீதான அடக்குமுறையையும், 1971இன் வங்கதேசப் போரையும் கண்ட காலம் அது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

எனினும் இம்மாற்றத்தில் இழப்பும் உண்டு. பஞ்சச் சித்திரங்களிலே பட்டினி கிடந்தவர் யார், எக்காலத்தவர் என்பன தெளிவு. வெண்ணிறத் தாளிலோ காயப்படுத்தியவன் யார், காயப்பட்டவன் யார் என்பதற்கு விடையில்லை. முன்னவை கட்சி ஏட்டின் வழியே பாமர மக்களைச் சென்றடைந்தன. பின்னவை கலைக்கூடச் சுவர்களுக்கே உரியவையாயின. கலைஞர் வரலாற்றை விட்டு விலகவில்லை. ஆயின் வரலாற்றின் பெயர்களும் முகவரிகளும் அவரது தாளிலிருந்து மறைந்தன.

இரண்டாமவரான சரீனா ஹாஷ்மி (1937–2020) அலிகாரிற் பிறந்து, கணிதம் பயின்று, பாரிஸ் நகரில் ஹெய்ற்றரின் பட்டறையிற் பதிப்போவியம் கற்றவர். பின்னர் நியூயோர்க்கில் வாழ்ந்தவர். 1970களில் ஊசியாற் கடதாசியைத் துளைத்தும், 1980களிற் கூழை வார்த்தும் ஆக்கங்கள் படைத்தார். பிரிவினையை அடுத்த ஆண்டுகளில் இவரது குடும்பத்தவர் பாகிஸ்தானுக்குப் பெயர்ந்தனர். 1947 யூலையில் முதன்முறையாக இந்தியா வந்த ராட்கிளிஃப் ஏறத்தாழ ஐந்து வாரங்களிலே எல்லைக்கோட்டை வகுத்து முடித்தார். கோடிக்கணக்கானோரின் விதி நிலப்படத்தின்மீது ஒரு கோடாகத் தீர்மானிக்கப்பட்டது. ‘பிரிக்கும் கோடு’ (2001) என்ற மரச்செதுக்குப் பதிப்பில் சரீனா அக்கோட்டினை மாத்திரமே தாளில் நிறுத்தினார். ஆட்சியாளரின் கருவியாயிருந்த கடதாசி இங்கு அவ்வாட்சிக்கு எதிரான சாட்சியமாகின்றது. ‘வீட்டிலிருந்து கடிதங்கள்’ (2004) என்ற தொடரில், சகோதரி உருதுவில் எழுதி அனுப்பாது வைத்திருந்த கடிதங்களின்மீது வீட்டுத் தளப்படங்களும் ஊர்களின் நிலப்படங்களும் பதிக்கப்பட்டுள்ளன. ஹோரின் தாளில் மறைந்த முகவரி இங்கே மீள்கின்றது. ஆயினும் அது ஒரு குடும்பத்தின் முகவரியே.

அதனை ஒரு சமூகத்தின் முகவரியாக விரித்தவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தா. சனாதனன். 2011இல் வெளிவந்த அவரது ‘முடிவுறாத தோம்பு’ ஒரு கலைநூல். போரினால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் 80 பேர் தாம் இழந்த வீடுகளின் தளப்படங்களை நினைவிலிருந்து வரைந்துள்ளனர். அவை கட்டடக் கலைஞருக்குரிய அளவுப் படங்களாக மாற்றப்பட்டு, கலைஞரின் ஓவியங்களோடு இணைக்கப்பட்டுள்ளன. தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வரி அறவிடும் நோக்குடன் பேணிய காணிப் பதிவேடு. குடியானவனைப் பதிவேட்டில் அடக்கியது அன்றைய தோம்பு. உறுதியையும் வீட்டையும் இழந்தவன் தன் கையால் எழுதிக்கொள்வது இன்றைய தோம்பு. கிணறும் வேலியும் மாமரமும் எங்கிருந்தன என்பதை நினைவிற் கொண்டிருப்பவர், எவ்வலுவலகமும் ஏற்காத ஆவணமொன்றுக்கு உரிமையாளராகின்றார். அது நூலாக அமைந்தமையால் படிகளாகப் பெருகவும் கைமாறவும் வல்லது என்பது குறிப்பிடத்தக்கது.

இம்மூவரையும் ஒருசேர நோக்குமிடத்துச் சில முடிபுகள் பெறப்படும். இங்கு கடதாசி ஊடகமானமை வெறும் வடிவச் சோதனையன்று. சட்டம், வரி, எல்லை, காணியுறுதி என்ற வடிவங்களில் கடதாசியே அதிகாரத்தின் கருவியாயிருந்த சமூகங்களிலே, கலைஞர் அக்கருவியைத் தம் கைக்கு எடுத்துக்கொண்டனர். உருவம் மறைந்த இடத்தில் உள்ளடக்கமும் மறைந்துவிட்டதென்ற கூற்று இவர்கள்பாற் பொருந்தாது. அதேவேளை, ஆக்கம் எவரைச் சென்றடைகின்றது என்ற வினாவை 1943இன் கட்சி ஏடு விடுத்துச் சென்றது. அவ்வினாவுக்கு வெண்ணிறத் தாள்கள் விடையளிக்கவில்லை. தோம்பு ஓரளவு விடையளிக்க முயன்றுள்ளது. தாம் வாழ்ந்த வீட்டின் படத்தை வரைந்துகொடுத்த எண்பதின்மரும் அந்நூலின் வாசகர் மாத்திரமல்லர். அதன் ஆக்கத்திற் பங்காளரும் ஆவர். கடதாசியை ஊடகமாகக் கொண்ட கலையை மதிப்பிட விழையும் ஆய்வாளர் தாளின் தன்மையோடு இப்பங்காண்மையையும் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.