கைபேசியின் வேகத்தைக் கணிக்க இரு முறைகள்

நகரத்தில் கைபேசியை எட்டும் ரேடியோ அலை ஒரே வழியில் வருவதில்லை. கட்டடங்களில் பட்டுத் திரும்பும் பல அலைகள் சேர்ந்து ஓரிடத்தில் வலுக்கின்றன, சற்றுத் தள்ளி ஒன்றையொன்று அழிக்கின்றன. இந்த மேடுபள்ளங்களைக் கடந்து செல்லும் கைபேசியில் சிக்னல் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் விரைவைச் சொல்வது டாப்ளர் அதிர்வெண். 1.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் அது 120 ஹெர்ட்ஸ், 3.6 கி.மீ. நடையில் 6 ஹெர்ட்ஸ்.

அதையும் அதன் மூலம் வேகத்தையும் கணிக்கும் ஒரு வழி, சிக்னல் தன் சராசரி வலிமை என்ற வரம்பைக் கீழிருந்து மேலாக எத்தனை முறை தாண்டுகிறது என்று எண்ணுவது. எல்லாத் திசைகளிலிருந்தும் அலைகள் சமமாக வந்தால், மேற்சொன்ன வாகனத்தில் நொடிக்குச் சுமார் 110 தாண்டல்கள் தெரியும். இன்னொரு வழி தன்னொட்டுறவு: இப்போதைய அலைத்தடம், அதாவது அலை வந்துசேரும் வழியின் நிலை, சற்று முந்தையதை எவ்வளவு ஒத்திருக்கிறது என்று அளப்பது. 1968-இல் கிளார்க் வகுத்த மாதிரியின்படி, அந்த ஒப்புமை வாகனத்தில் சுமார் 3.2 மில்லிநொடியில் முதன்முறை பூச்சியத்தைத் தொடும். நடப்பவருக்கு 64 மில்லிநொடி ஆகும்.

எண்ணும் முறைக்குச் சிக்னலின் வலிமை மட்டும் போதும், கணக்கு எளிது. ஆனால் இரைச்சல் அதற்குப் பகை. நடப்பவரின் சிக்னல் நொடிக்கு ஐந்தாறு முறைதான் வரம்பைத் தாண்டும். இரைச்சலால் எழும் பொய்த் தாண்டல்கள் சேர்ந்தால் அவர் வாகனத்தில் செல்பவராகத் தோன்றுவார். தன்னொட்டுறவு இதில் உறுதியானது. கணத்துக்குக் கணம் தொடர்பின்றி மாறும் வெள்ளிரைச்சல், கால இடைவெளி பூச்சியமாக உள்ள புள்ளியை மட்டுமே கெடுக்கும். அதை விட்டுவிட்டு மற்றவற்றைக் கொண்டு கணிக்கலாம்.

கோபுரம் நேராகத் தெரியும் திறந்தவெளியில் நிலைமை தலைகீழ். அங்கே கோபுரத்திலிருந்து நேராக வரும் அலை (நேரலை) ஓங்கியிருப்பதால் ஒப்புமையின் அளவு மெதுவாகவே குறையும். விரைந்து செல்பவரும் மெல்லச் செல்பவராகத் தெரிவார். வரம்பைச் சராசரி வலிமையில் வைத்து எண்ணினாலோ, நேரலை வலுத்தாலும் எண்ணிக்கை பெரிதாக மாறாது. இதை 1994-இல் ஆஸ்டினும் ஸ்டூபரும் தம் ஆய்வில் காட்டினர்.

ஆகவே எந்த முறை சிறந்தது என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரைச்சல் எவ்வளவு, நேரலை எவ்வளவு என்று அலைத்தடத்தை முதலில் அளந்த பிறகே முறையைத் தேர வேண்டும். அலைத்தடத்தை அளக்க உதவும் பைலட் சிக்னல்களை எவ்வளவு நெருக்கமாக அனுப்புவது, அழைப்பை அடுத்த கோபுரத்துக்கு எப்போது மாற்றுவது என்ற முடிவுகளுக்கு வேகம் உதவுகிறது. அலைத்தடத்தை அறியாமல் கணித்த வேகத்தை நம்பினால் அந்த முடிவுகளும் பிழையாகும்.