'கேமிங்' என்னும் சொல்லின் மீது விழுந்த பழி

முனைவர் பட்ட ஆய்வுக்கு நான் அளித்த முன்மொழிவில் ஓர் இயல், வீடியோ கேம்களின் உரையாடல் மொழி பற்றியது. நேர்காணலில் மூத்த பேராசிரியர் ஒருவர் அக்கறையோடுதான் கேட்டார்: "கேமிங் என்றால் பணம் கட்டி ஆடும் ரம்மிதானே? அதில் மொழியியலுக்கு என்ன வேலை?" பள்ளிப் பருவம் முதல் கேம்களில் ஊறிய எனக்கு அன்று எரிச்சலே மிஞ்சியது. பின்னர்ச் சட்டங்களின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோதுதான், அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சொல்லின் நீண்ட வரலாறு இருப்பது புரிந்தது.

ஆங்கிலத்தில் 'கேமிங்' என்பது பல நூற்றாண்டுகளாகச் சூதாட்டத்தையே குறித்து வந்தது. பந்தயப் பணத்தை நீதிமன்றத்தின் வழியே வசூலிக்க முடியாதெனச் செய்த பிரித்தானியச் சட்டத்தின் பெயர் 1845ஆம் ஆண்டின் 'கேமிங் சட்டம்'. காலனிய இந்தியாவில் 1867இல் இயற்றப்பட்ட பொதுச் சூதாட்டச் சட்டம், சூதாட்ட விடுதியைக் 'கேமிங் ஹவுஸ்' என்றே அழைத்தது. சென்னை மாகாணத்தின் 1930ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் 'மெட்ராஸ் கேமிங் சட்டம்' என்றே பெயர். பந்தயம் கட்டுதலும் கேமிங்கில் அடங்கும் என்று அது வரையறுத்தது. ஆக, முதல் வீடியோ கேம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே அச்சொல் நம் சட்டப் புத்தகத்தில் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டது.

அதே 1867ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு விலக்கும் அளித்தது: திறன் மட்டுமே சார்ந்த ஆட்டங்களுக்கு அது பொருந்தாது. அந்த விலக்கைச் சுற்றியே இந்திய நீதிமன்றங்களின் வாதம் வளர்ந்தது. திறன் கணிசமாகத் தேவைப்படும் போட்டிகள் சூதாட்டம் ஆகா என்று உச்ச நீதிமன்றம் 1957இல் கூறியது. ரம்மி பெரிதும் திறன் சார்ந்த ஆட்டம் என்று 1967இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில் 1996இல் குதிரைப் பந்தயத்தையும் அவ்வரிசையில் சேர்த்தது. 'அதிர்ஷ்டமா, திறனா?' என்பதே கேள்வியாக இருந்ததால், 'பணம் வைக்கப்படுகிறதா?' என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டது.

கைபேசியும் மலிவான இணையமும் பரவியபின், பணம் வைத்து ஆடும் ரம்மி, போக்கர் செயலிகள் இந்தத் தீர்ப்புகளின் நிழலில்தான் வளர்ந்தன. தம்மை அவை 'கேமிங் துறை' என்று அழைத்துக்கொண்டன. கதை சொல்லும் கேமும் கடனில் தள்ளும் செயலியும் ஒரே பெயரின்கீழ் வந்து சேர்ந்தன. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு 'ஆன்லைன் கேமிங்' முழுவதையும் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்திடமும், மின்விளையாட்டை விளையாட்டு அமைச்சகத்திடமும் ஒப்படைத்தபோதும் அந்த முதற்பெயர் பிரிக்கப்படவில்லை. 2023 அக்டோபர் 1 முதல் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது. பேச்சு வழக்கில் அது 'கேமிங் வரி' ஆனது. ரம்மியில் பணம் இழந்து ஒருவர் உயிர்விட்ட செய்தியைப் படித்த பெற்றோர், ஒரு ரூபாயும் கட்டாமல் புதிர் விடுவிக்கும் தம் பிள்ளையின் கையிலிருந்து கைபேசியைப் பறித்தால், அவர்களை எப்படிக் குறை சொல்வது?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம்தான் முதன்முதலாக இம்முடிச்சை அவிழ்க்க முயன்றது. மின்விளையாட்டு, சமூக விளையாட்டு, பண விளையாட்டு என மூன்றாகப் பகுத்து, திறனானாலும் அதிர்ஷ்டமானாலும் பண விளையாட்டைத் தடைசெய்தது. முழுத்தடை தேவையா என்பது தனி விவாதம். எல்லைக்கோடு திறனிலிருந்து பணயத்திற்கு நகர்ந்தது என்பதே இங்கு நான் சுட்ட விரும்புவது.

தமிழுக்கு இந்தப் பணயக் கோடு புதிதன்று. 'விளையாடு', 'சூதாடு' இரண்டிலும் 'ஆடு' என்னும் ஒரே வினை இருக்கிறது. ஆயினும் முன்னொட்டும் பெயர் அவற்றைத் தெளிவாகப் பிரித்துவிடுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், உவகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் ஒன்றாக விளையாட்டை வைக்கிறது. வள்ளுவரோ சூதினைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே தனி அதிகாரமாக வைத்தார். தமிழ்நாடு 2022இல் இயற்றிய சட்டத்தின் தலைப்பிலும் தடைக்கு உரியது 'சூதாட்டம்', ஒழுங்குபடுத்தலுக்கு உரியது 'விளையாட்டு'. இரண்டு சொற்கள் கையிருப்பில் இருக்க, 'கேமிங்' என்ற ஒற்றைச் சொல்லைக் கடன் வாங்கி, அதன் பழைய பழியையும் சேர்த்தே வாங்கியிருக்கிறோம்.

பழியை முழுதும் சொல்லின் மீது போட்டுவிட்டு, கேம் ஆர்வலர்களாகிய நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பரிசுப் பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கச் சொல்லும் 'லூட் பாக்ஸ்' நம் கேம்களுக்குள்ளேயே இருக்கிறது. 'ஓவர்வாட்ச்', 'ஃபிஃபா 18' முதலியவற்றில் இருந்த அத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று 2018இல் பெல்ஜியம் அறிவித்தது. அறிவித்த அமைப்பின் டச்சுப் பெயர் 'வாய்ப்பு விளையாட்டு ஆணையம்' எனப் பொருள்படும். ஆங்கிலத்தில் மட்டும் அது 'கேமிங் ஆணையம்' ஆகிவிடுகிறது. ரம்மி செயலியைச் சாடும் நாம், நமக்குப் பிடித்த கேமில் இருக்கும் பெட்டியைப் பற்றி மௌனம் காப்பது நேர்மையன்று. பணயம் எங்கிருந்தாலும் அது பணயமே.

கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் கதையைச் சமையல் வழியே சொல்லும் 'வெண்பா' என்னும் கேம் 2023இல் வெளிவந்தது. மறு ஆண்டு, சிறந்த அறிமுகக் கேமுக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டிலிருந்து அம்மாவின் செய்முறையை ஊகித்து மீட்பதுதான் அதில் ஆடுபவரின் பணி. அதில் பணயமாக எதையும் வைக்க வேண்டியதில்லை. அந்தப் பேராசிரியரை மீண்டும் சந்தித்தால், ஒரு மாலைப்பொழுது இதை ஆடிப் பாருங்கள் என்று வேண்டுவேன். ஆடி முடித்தபின், இதற்கும் ரம்மிக்கும் ஒரே பெயர் பொருந்துமா என்று அவரே சொல்லட்டும்.