டாப்பிலிருந்து டிக்கிக்கு: வண்டியில் ஸ்பீக்கர் இடம் மாறிய கதை

இந்த எபிசோடு ஒரு வயர் தப்பில் ஆரம்பிச்சது.

போன வருஷம் என் பழைய ஸ்விஃப்ட் டிக்கியில் 10 இன்ச் சப்வூஃபர் வெச்சேன். பாஸ் வரவே இல்ல. செட்டிங் எல்லாம் மாத்திப் பார்த்தாச்சு. அறந்தாங்கி பக்கம் 30 வருஷம் மைக் செட் போட்ட என் மாமா வண்டியில ஏறி ரெண்டு நிமிஷம் கேட்டார். "மாப்ளே, பிளஸ் மைனஸை மாத்திக் குடு."

மாத்தினேன். சீட்டு அதிர்ந்தது.

கதவு ஸ்பீக்கர் காற்றை முன்னே தள்ளும்போது சப் உள்ளே இழுத்தால், ரெண்டுக்கும் பொதுவான சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். நான் இதைப் படிச்சு பாஸ் பண்ணவன். மாமா அம்பாசிடர் டாப்பில் ரெண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டித் தெரிஞ்சுக்கிட்டவர்.

உலக அளவில் கதை வேற மாதிரி. காயில் அசைந்து கூம்பைத் தள்ளும் ஸ்பீக்கரை ரைஸ், கெல்லாக் இருவரும் விளக்கியது 1925-ல். 1930-ல் கால்வின் கம்பெனி மோட்டரோலா என்ற பெயரில் கார் ரேடியோ விற்க ஆரம்பிச்சது. அப்போ ஒரே ஸ்பீக்கர்தான். எங்க இடம் இருக்கோ அங்க வெச்சாங்க. சத்தம் கேட்டதே அதிசயம். நல்ல பாஸ் வேணும்னா பீரோ சைஸ் பெட்டி வேணும் என்ற நிலையை 1954-ல் எட்கர் வில்ச்சர் மாத்தினார். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வேலை வாங்கினார். என்னைக் கேட்டா, டிக்கிக்குள் பாஸ் வந்த கதை அங்கதான் தொடங்குது.

ஏன் டிக்கி? 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட எட்டரை மீட்டர். ஸ்விஃப்ட் நாலு மீட்டருக்கும் குறைவு. அலை காரைவிடப் பெருசு. எந்தப் பக்கத்திலிருந்து வருதுன்னு காதுக்குப் பிடிபடாது. ஆனா 5,000 ஹெர்ட்ஸ் அலை 7 சென்டிமீட்டர்தான், உங்க முழங்காலே அதை மறிச்சிடும். அதனாலதான் ட்வீட்டரைக் கண்ணாடி ஓரத் தூணில் காதைப் பார்த்து வைக்கிறோம்.

மாமாவின் குழாய்க்கு இந்தக் கவலை இல்ல. அதில் பாஸே கிடையாது. சின்ன யூனிட், நீளமான புனல், 12 வோல்ட் பேட்டரி. பேச்சு ரெண்டு ஊர் தாண்டிக் கேட்கும். விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் நடக்கும்போது ஆம்ப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு போட்டன. அதற்குள் அவர் வலது காது பாதி போயிருந்தது.

ட்வீட்டரை அவருக்குப் பெருமையா போட்டுக் காட்டினேன். "ஓடுதா?"ன்னு கேட்டார். ஜால்ரா சத்தம் அவருக்குக் கேட்கவே இல்ல. பாஸை மட்டும் சீட்டில் உள்ளங்கையை வெச்சு வாங்கிக்கிட்டார்.

அன்னைக்கு ராத்திரி கணக்கு பார்த்தேன். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல்னா 15 நிமிஷம். இது வேலை செய்யும் பெரியவங்களுக்கான கணக்கு. என் அக்கா பொண்ணு, மூணு வயசு, உட்காருவது பின் சீட்டில், சப் பெட்டிக்கு ஒரு முழம் முன்னாடி.

கெயினைப் பாதிக்குக் கீழே இறக்கிட்டேன். இப்போ கீரனூர் ரோட்டில் நம்பர் பிளேட் கூட அதிர்றதில்ல. மாமா மட்டும், "என்னடா, திரும்ப வயரை மாத்திட்டியா?"ங்கிறார்.