தப்பு

இலங்கையில், சப்ரகமுவவின் கொடகவெலப் பக்கத்துத் தோட்டங்களில் 'தப்பு' என்றதும் பிழை நினைவுக்கு வராது, மேளம்தான் வரும். தப்புதல் என்றால் அடித்தல். துணியைக் கல்லில் தப்புவதும் அதே வினைதான். வட்டச் சட்டத்தின் ஒரு முகத்தில் தோல் கட்டி, தீயில் காய்ச்சி, குச்சியால் அடிப்பார்கள். தஞ்சைப் பக்கம் தப்பாட்டம் என்பதும் இதையே. தமிழக மேடைகளில் 'பறை' என்ற பெயர் ஓங்கிவிட்டது. தோட்டத் தமிழரின் மலையகம் தப்பை விடவில்லை. அன்று பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூடுவதற்கு) ஆள் கூப்பிட்டது, காமன் கூத்துக்கும் சாவுக்கும் முழங்குவது எல்லாம் இதுதான்.

மலையகத்தில் மேளத்துக்குப் பெயர் ஒன்று, அடிப்பவருக்குத்தான் பல. இந்த மண்ணிலேயே பிறந்தும் 1948 குடியுரிமைச் சட்டத்தால் அன்று 'நாடற்றவர்' ஆனார். குடிமதிப்பீட்டில் நெடுங்காலம் 'இந்தியத் தமிழர்'. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி தமிழகத்தின் கூடலூர், கோத்தகிரி போய்ச் சேர்ந்தவரோ அங்கே 'சிலோன்காரர்'! சப்ரகமுவவில் தோட்டங்களைச் சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். பேச்சு இரு மொழியிலும் ஓடும். மேளப் பெயர்களிலும் அந்த உறவு உண்டு. விகாரையில் ஒலிக்கும் இரட்டை மேளமான 'தம்மெட்டம', நம் தம்பட்டத்துக்கு உறவுச் சொல்.

சாதி ஒட்டிய சொல் என்று தப்பை ஒதுக்குவோரும் உண்டு. அவர்கள் பட்டது பொய்யல்ல. ஆனாலும் ஒதுக்க வேண்டியது அந்த இழிவைத்தான், சொல்லை அல்ல என்பது என் கட்சி.